செம்பியன் மாதேவியைச் சுவரில் படிப்பது எப்படி?

'பொன்னியின் செல்வன்' வாசகர்களுக்குச் செம்பியன் மாதேவி என்றால் சிவபக்தியே உருவான பெரிய பிராட்டி. கோயில்களில் தெரிகிறவர் இன்னும் சுவாரசியமானவர். எதை எங்கே வைக்க வேண்டும் என்பதில் கறாரான ரசனைக்காரர். கணவர் கண்டராதித்தர் 957 வாக்கில் மறைந்த பிறகு, ராஜராஜன் ஆட்சியின் முற்பகுதி வரை, பழைய செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே இருந்தார்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே கோனேரிராஜபுரத்தில் தொடங்குங்கள். தேவாரம் பாடும் திருநல்லம் இதுதான். வருகிறவர்கள் நேராகப் பெரிய நடராஜர் செப்புத் திருமேனியிடம் போவார்கள். நீங்கள் முதலில் வெளியே, தெற்குச் சுவருக்கு வாருங்கள். சிறிய புடைப்புச் சிற்பம் ஒன்றில், ஒருவர் லிங்கத்தை வழிபடுகிறார். அவர்தான் கண்டராதித்தர். அவர் பெயரால் மாதேவி இந்தக் கற்றளியை எடுப்பித்த செய்தியைப் பக்கத்திலுள்ள கல்வெட்டு சொல்கிறது. கோயிலைக் கட்டிய சாத்தன் குணபட்டன் பெயரும் அவர் பெற்ற பட்டமும்கூடக் கல்லில் உண்டு. கட்டியவர் பெயர் மிஞ்சியிருக்கும் சோழர் கோயில்கள் அபூர்வம் என்பதால் அந்த வரிகளை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.

அடுத்து, மாடங்களை எண்ணிப் பாருங்கள். முற்காலச் சோழர் கோயில்கள் பலவற்றில் விமானத்தின் மூன்று பக்கமும் பக்கத்துக்கு ஒரு மாடம், அவ்வளவுதான். மாதேவி காலத்தில் அர்த்தமண்டபச் சுவரும் நிறைகிறது. தெற்கே பிள்ளையார், ஆடவல்லான் என்கிற நடராஜர், அகத்தியர். வடக்கே துர்க்கை, பிட்சாடனர், அர்த்தநாரி. வரிசை கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும். தென்சுவரில் கல் நடராஜர் நிற்பதை மாதேவியின் கையெழுத்து என்றே சொல்லலாம். ஆடுதுறையில் அதைப் பாருங்கள். காலடியில் உள்ள குட்டி உருவங்களையும் குனிந்து பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் தெற்கே சாய்ந்த வெயில் இந்தச் சுவரில் நன்றாக விழும். தட்சிணாமூர்த்தியின் கதை வேறு: எண்ணெயும் வஸ்திரமும் போக முகம் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மாதேவி என்று சொல்லப்படும் செப்புத் திருமேனி ஒன்று வாஷிங்டனில் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அழகுதான், ஆனால் அது அவர்தானா என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்குச் சுவர்களே போதும்.

நேரமிருந்தால் திருக்கோடிக்காவல் போய்விடுங்கள். அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கட்டியபோது, மாதேவி அதிலிருந்த பல்லவர் காலக் கல்வெட்டுகள் உட்பட எல்லாவற்றையும் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டவைத்தார். திருப்பணி என்று மணலைப் பீய்ச்சி எழுத்தைத் தேய்த்தவர்களை இந்த நூற்றாண்டிலும் பார்த்துவிட்டோம். பத்தாம் நூற்றாண்டில் ஓர் அரசிக்கு இந்தக் கவலை இருந்திருக்கிறது. 'பழங்கல்படி', அதாவது பழைய கல்லின் நகல், என்ற சொல்லைச் சுவரில் தேடுங்கள். க, ட, ப, ம எல்லாம் இன்றைய வடிவத்துக்குக் கிட்டத்தட்ட வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி மட்டும் பெரும்பாலும் இருக்காது.