வேண்டாம் என்று சொல்லும் உரிமை

1948 டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய மாநாட்டில் எம்.என். ராய் தன் கடைசிக் கட்சியைத் தானே கலைத்தார். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர், லெனினோடு நேருக்கு நேர் வாதிட்டவர், கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது: தேசமோ வர்க்கமோ, எந்தக் கூட்டமும் தனக்கென ஓர் உயிர் இருப்பதாகச் சொல்லி மனிதரைப் பலி கேட்கும், ஆகவே தனிமனிதரின் சுதந்திரம் கூடியதா, குறைந்ததா என்பதே அரசியலை அளக்கும் கோல். சந்தையைத் தொழும் தனிமனிதவாதம் அல்ல இது. மார்க்சியத்துக்குள்ளேயே வாழ்ந்து பார்த்தவரின் வாதம். அதனால்தான் இதற்குக் கனம் அதிகம்.

அந்தக் கோலை, மார்க்சியர்கள் 1977 முதல் 2011 வரை ஆண்ட மேற்கு வங்கத்தின் மீது வைத்துப் பார்க்கலாம். ஹூக்ளி மாவட்டம் ஒன்றே போதும்.

1978 மே மாதம், அம்மாவட்டத்தின் ஹாலுசாய் கிராமத்தில் ஒரு முகாம் நடந்தது. அதுவரை நிலப் பதிவுக்கு வரும் அதிகாரி பகலில் வருவார், நிலக்காரர் வீட்டில் உட்காருவார். வாரத்துக்கு உழும் பர்கதார் அங்கே வந்து வாய் திறப்பாரா? ஹாலுசாயில், எப்போது, எங்கே வர வேண்டும் என்று அதிகாரிகள் உழுபவர்களையே கேட்டார்கள். வேலை முடிந்த மாலையில், எங்கள் குடியிருப்புக்கே வாருங்கள் என்று பதில் வந்தது. பர்கா பதிவு இயக்கம் அப்படியே நடந்தது. சுமார் 14 லட்சம் பேர் பதிவானார்கள். பதிவானவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. உரிமை பிள்ளைகளுக்குப் போகும். செலவைத் தானே போட்டால் விளைச்சலில் முக்கால் பங்கு அவருக்கு.

நிலக்காரரின் ஒப்பந்தச் சுதந்திரம் பறிபோனதே என்று ஒரு தனிமனிதவாதி கேட்கலாம். அறுவடை முடிந்ததும் ஒரு வார்த்தையில் விரட்டப்படக்கூடியவர் செய்துகொண்டதை ஒப்பந்தம் என்றே நான் எண்ணவில்லை. அபிஜித் பானர்ஜியும் இரு பொருளியலாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சீர்திருத்தம் விளைச்சலையும் கூட்டியதாகக் காட்டியது. ராயின் கோலால் அளந்தாலும் இது சுதந்திரத்தின் பெருக்கம்தான். ராயிடம் கோல் இருந்தது. இதைச் செய்து முடிக்கும் படை இல்லை.

ஆனால் பதிவேட்டில் ஏறியது ஒரு வர்க்கம் அல்ல, ஒவ்வொருவரின் பெயர். மார்க்சியர்களின் தலைசிறந்த செயல் தனிமனிதரை உரிமைக்காரர் ஆக்கியது. அவர்களோ அதை வர்க்கப் போராட்டத்தின் ஒரு கட்டமாக மட்டுமே கண்டார்கள். கட்டம் மாறினால் உரிமையும் மாறலாம் அல்லவா?

2006-இல் மாறியது. அதே ஹூக்ளியின் சிங்கூரில் டாடா கார் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் எடுக்கப்பட்டது. எடுக்க உதவியது வெள்ளைக்காரன் இயற்றிய 1894-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவான பர்கதாருக்கு நில விலையில் கால் பங்கு அறிவித்தார்கள். வேலையில்லாத இளைஞர்களுக்குத் தொழில் வேண்டும் என்ற கவலை உண்மையானது. அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வரலாறு போகும் திசை தனக்குத் தெரியும் என்று நம்பும் கட்சிக்கு, மறுக்கும் விவசாயி ஒரு மனிதராகத் தெரிவதில்லை, தடையாகத் தெரிகிறார். 2016-இல் உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தலை ரத்து செய்தபோது, பொது நோக்கம் இருந்ததா என்பதில் இரு நீதிபதிகளும் வேறுபட்டனர். ஆட்சேபணைகள் முறையாகப் பரிசீலிக்கப்படவில்லை என்பதில் ஒன்றுபட்டனர்.

என் தீர்ப்பு நடுவில் நிற்பதல்ல. அடிமைத்தனம் எங்கே தொடங்குகிறது என்பதில் மார்க்சியம் சரி. எதற்காக அதை ஒழிக்கிறோம் என்பதில் ராய் சரி. இரண்டும் மோதினால் ராயின் கோலே மேல். ஏனென்றால் ஹாலுசாயின் நியாயத்தை அந்தக் கோல் ஏற்கிறது; சிங்கூரின் மறுப்புக்கு மார்க்சியக் கோட்பாட்டில் இடமே இல்லை.

ஆனால் சட்டம் அந்தக் கோலை எடுக்கும்போது, அடிமைத்தனம் எங்கே தொடங்குகிறது என்ற மார்க்சியரின் கேள்வியை மறந்துவிடுகிறது. 2013-இன் புதிய நிலச் சட்டப்படி, தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுக்க 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் தேவை. அந்தக் கணக்கில் வருபவர்கள் நிலத்துக்கு உரியவர்கள். வாரத்துக்கு உழுபவர் மறுவாழ்வு உதவிக்குத் தகுதியானவர். சம்மதமா என்று அவரை யாரும் கேட்க வேண்டியதில்லை.