கட்டுநாயக்கவில் தொடங்கும் இலங்கை

சமீபமாகத் தமிழில் வரும் இலங்கைப் பயணக்கட்டுரைகளை வரிசையாக வாசித்தால் ஒன்று பிடிபடும். எல்லாமே கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்குகின்றன. கண்டி, நுவரெலியா, எல்லவின் ஒன்பது வளைவுப் பாலம், பிறகு காலிக் கோட்டை. நேரமிருந்தால் யாழ்ப்பாணம்; நூலகத்தின் முன் நின்று ஒரு பத்தி துக்கம். மன்னார் யாருடைய திட்டத்திலும் இல்லை.

ராமநாதபுரத்துக்காரனான எனக்கு இது உறுத்துகிறது. எங்களுக்கு அந்தத் தீவு தலைமன்னாரில்தான் தொடங்கும். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபிறகு எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போனார்கள். நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல். அந்த வழியில் போனால், இந்தக் கரையில் விட்ட பனையும் முள்மரமும் வெள்ளாடும் அந்தக் கரையிலும் தொடர்வது தெரியும். மலைப் பச்சை கண்ணில் பட மாத்தளைப் பக்கம் வரை போகவேண்டும். ரயில் வருவதற்கு முன், காப்பித் தோட்டக் காலத்தில், நம் ஆட்கள் அந்த வறண்ட காட்டை நடந்தே கடந்தார்கள். வழியிலேயே காலராவில் செத்தவர்கள் ஏராளம். விமானத்தில் இறங்கி நேராகப் பச்சைக்குள் போகிறவருக்கு இந்த தூரம் உறைக்காது.

போன வருஷம் நானும் அப்படியொரு கட்டுரை எழுதினேன். நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயில், மூடுபனி, கொழுந்து பறிக்கும் பெண்கள் ‘வண்ணப் புள்ளிகளாக’. நண்பர்கள் பாராட்டினார்கள். பிறகு மண்டபத்தில் ஒரு அம்மாவிடம் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் (1964) 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்ததே, அந்தக் கணக்கில் எழுபதுகளில் சிறுமியாக வந்தவர். அவர் முதலில் கேட்டது: “பனி எறங்கியிருந்துச்சா தம்பி?”

ஆக, மூடுபனியை எழுதியது என் தப்பில்லை. அவருக்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் அந்தத் தீவைப் பார்த்த திசை வேறு: ஹட்டனில் கோச்சி ஏறி, பச்சை குறையக் குறையக் கீழே வந்து, தலைமன்னாரில் கப்பல். “ராமேஸ்வரத்துல எறங்குனப்போ, இன்னும் மன்னார்லயேதான் நிக்கிறோமோன்னு நெனச்சேன். அதே மணலு, அதே பனைமரம். இதுக்கா கூட்டிட்டு வந்தாங்கன்னு அழுதேன்.”

இந்த நாலு வாக்கியத்தில் இருக்கிற நிலக்காட்சி நான் படித்த எந்தப் பயணக்கட்டுரையிலும் இல்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ நினைவுக்கு வருகிறது. மருதி அந்த மலைக்குப் பிழைக்கப் போனவள். அதனால் அங்கே மலை வெறும் அழகாக நிற்க முடிவதில்லை. மணிக்கொடி காலத்திலேயே ஒருவர் கண்டுபிடித்ததை நாம் கேமராவோடு போய்த் தொலைத்துவிட்டு வருகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் என் கட்டுரைக் கோப்பைத் திறந்து தேடிப் பார்த்தேன் (தொழில் புத்தி). ‘மன்னார்’ ஒரு இடத்தில்கூட இல்லை. ‘ஹட்டன்’ ஒரே ஒரு முறை: அங்கே தேநீர் நன்றாக இருந்ததாம்.