தன் வேகக் கல்வியும் கல்லூரிச் சான்றும்

கல்லூரி வாயிலை மிதியாமலே கல்லூரிப் பாடங்களைப் பயின்று, அவற்றிற்குரிய கிரெடிட்டுகளைப் பெற்று, பின்னர் ஏதேனும் ஒரு கல்லூரியில் சேர்ந்து அவற்றைப் பட்டத்தோடு இணைத்துக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்க ஐக்கிய நாட்டில் இன்று பரவலாக வழங்கிவருகிறது. இப்பாடங்களுக்கு வகுப்பில்லை, பருவமில்லை, சேர்க்கைக்குக் கடைசி நாளும் இல்லை. மாணவர் தாம் விரும்பிய நாளில் கணினியைத் திறந்து தொடங்கலாம்; ஒரு வாரத்தில் முடிக்கலாம்; மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். 2009ஆம் ஆண்டளவில் ஸ்ட்ரெய்ட்டர்லைன் என்னும் நிறுவனம் மாதம் 99 டாலர் சந்தா என்று அறிவித்துக் கல்வியுலகின் கவனத்தை ஈர்த்தது. சோஃபியா முதலிய நிறுவனங்களும் இவ்வழியில் நடக்கின்றன. இவை கல்லூரிகள் அல்ல. பட்டம் வழங்கும் உரிமை இவற்றிற்கில்லை. அமெரிக்கக் கல்வி மன்றம் என்னும் அமைப்பு இப்பாடங்களைப் பரிசீலித்து, இன்ன பாடத்திற்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரை செய்கிறது. அது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம்.

இதனைக் கல்வியின் பெயரால் நடைபெறும் வாணிகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பட்டம் பெற்று, பதவியும் பெற்று, நூலகத்தில் அமர்ந்திருப்போர்க்கு அது மிகவும் எளிது. ஆனால் இப்பாடங்களை நாடி வருவோர் யாரென்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருபது வயதில் பணமின்றிப் படிப்பைப் பாதியில் விட்டவர், இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியபின் இரண்டு மணி நேரம் மட்டுமே தமக்கென்று உடையவர், குழந்தை உறங்கியபின் புத்தகத்தைத் திறக்கும் தாய் ஆகியோரே இவர்கள். ஒரு பாடத்திற்கே ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கும் கல்லூரிகள் பலவுள்ள நாட்டில், இவர்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள் சிலவே. ஆகவே, "இது கல்லூரி வகுப்பைப் போன்றதா?" என்று கேட்டு, "இல்லை" என்று விடை கூறி அமர்ந்துவிடுதல் நேர்மையான திறனாய்வு ஆகாது. கல்லூரி வகுப்பு எதனைச் சான்று கூறியதோ, அதனை இப்பாடம் சான்று கூறுகிறதா என்பதே வினா.

அவ்வாறாயின், கிரெடிட் என்பது இதுவரை எதற்குச் சான்றாய் இருந்தது? இவ்வரலாறு சற்று வியப்புக்குரியது. 1905இல் ஆண்ட்ரூ கார்னெகி கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்திற்கென ஒரு கோடி டாலர் வழங்கி ஓர் அறநிறுவனத்தை ஏற்படுத்தினார். எவையெவை கல்லூரி எனத் தகும் என்று முடிவு செய்தாலன்றி எவருக்கும் ஓய்வூதியம் தர இயலாது. எனவே, உயர்நிலைப் பள்ளியில் 14 அலகுகள் முடித்தோரையே சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும் என்று அந்நிறுவனம் விதித்தது. ஓர் அலகாவது ஒரு பாடத்தில் 120 மணி நேரப் பயிற்சி. ஓய்வூதியத்தை விரும்பிய கல்லூரிகள் இவ்வளவையை ஏற்றுக்கொண்டன. 1910இல் மாரிஸ் குக் என்னும் பொறியியலார் அதே நிறுவனத்திற்காக எழுதிய அறிக்கையில், தொழிற்சாலை உற்பத்தியைக் கணக்கிடுவது போல ஒரு மாணவர் ஒரு மணி நேரம் அமர்ந்திருத்தலை ஓர் அலகாகக் கொண்டு கல்லூரிப் பணியைக் கணக்கிட்டுக் காட்டினார். வாரம் ஒரு மணி வகுப்பு, வெளியே இரண்டு மணி உழைப்பு, ஏறத்தாழ 15 வாரம். இது ஒரு கிரெடிட் என்னும் வழக்கு நிலைபெற்றது. அஃதாவது, கிரெடிட் அளந்தது அறிவையன்று; நேரத்தை. ஓய்வூதியக் கணக்கிலிருந்து பிறந்த அளவுகோல் உலகெங்கும் கல்வியின் நாணயமாயிற்று!

தன் வேகக் கல்வி இந்நாணயத்தைத் தட்டிப் பார்க்கிறது. அது அதன் முதற்சிறப்பு. வகுப்பறையில் காலம் எல்லார்க்கும் ஒன்று. கற்றது ஆளுக்கு ஆள் வேறு. இங்கோ கற்கவேண்டியது எல்லார்க்கும் ஒன்று. காலம் ஆளுக்கு ஆள் வேறு. மூன்று மாதம் அமர்ந்திருந்து பாதியே விளங்கிக்கொண்டவர்க்குக் கிரெடிட் உண்டு, மூன்று வாரத்தில் முழுவதும் கற்றவர்க்கு இல்லை எனின், அதற்கு நியாயம் கூறுவது எவர்க்கும் அரிது.

இக்கருத்து இணையத்தோடு பிறந்ததன்று. 1964இல் பிரேசில் நாட்டுத் தலைநகரின் புதிய பல்கலைக்கழகத்திற்கென ஒரு பாடமுறையை வகுத்தவர்களுள் ஒருவரான பிரெட் கெல்லர் என்னும் உளவியலார், 1968இல் 'விடைபெறுகிறேன், ஆசிரியரே' என்று பொருள்படும் தலைப்பில் அம்முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரித்தல், ஒன்றில் முழுத் தேர்ச்சி பெற்றபின்னரே அடுத்ததற்குச் செல்லுதல், அவரவர் வேகத்தில் பயிலுதல், எழுத்துப் பாடத்தையே முதன்மையாகக் கொள்ளுதல் ஆகியன அதன் கூறுகள். இன்றைய இணையப் பாடங்கள் இந்நான்கையும் எடுத்துக்கொண்டன. ஐந்தாவது ஒன்றுண்டு. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும், அப்பாடத்தை முன்னரே முடித்த மூத்த மாணவர் ஒருவர் அருகமர்ந்து விடைகளைத் திருத்துவார். தவறான விடைக்கு மாணவர் கூறும் விளக்கத்தையும் கேட்பார். 'விடைபெறுகிறேன், ஆசிரியரே' என்று எழுதிய கெல்லரே அருகமர்ந்து கேட்கும் ஒருவரை விட்டுவிடவில்லை. பின்வந்தோர் தலைப்பை மட்டும் கற்றுக்கொண்டனர் போலும்.

இத்தகைய பாடங்கள் இரண்டினை நாம் தொடக்கம் முதல் முடிவு வரை பயின்று பார்த்தோம். ஒன்று புள்ளியியல் அறிமுகம். மற்றொன்று அறவியல் அறிமுகம். புள்ளியியல் பாடத்தைக் குறித்துப் பெரும்பாலும் நன்மையே கூறவேண்டியவர்களாயிருக்கிறோம். சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள வேறுபாடு, திட்ட விலக்கம், மாதிரியிலிருந்து முழுமையை ஊகித்தல் ஆகியவை சிறுசிறு படிகளாக விளக்கப்பட்டிருந்தன. விடை தவறினால் எந்தப் படியில் தவறினோம் என்பது காட்டப்பட்டது. மறுமுறை அதே கணக்கு வேறு எண்களோடு வந்தது. ஐம்பது பேர் அமர்ந்த வகுப்பில், "எனக்கு விளங்கவில்லை" என்று மூன்றாம் முறை எழுந்து கூற எத்தனை மாணவர்க்குத் துணிவுண்டு? இயந்திரத்திற்குச் சலிப்பில்லை, அதன்முன் வெட்கமும் வேண்டுவதில்லை. கணக்கைக் கண்டு அஞ்சிப் படிப்பை விட்டவர்க்கு இது பெரும் உதவியென்றே கருதுகிறோம்.

அறவியல் பாடம் வேறு வகையது. அங்கும் அதே அமைப்பு: ஒரு பக்கம் வாசிப்பு, ஒரு சிறு காணொளி, பின்னர் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் கொள்குறி வினாக்கள். இறக்கும் தறுவாயிலுள்ள நோயாளியிடம் மருத்துவர் உண்மையைக் கூறலாமா என்னும் சிக்கல் ஓரிடத்தில் வைக்கப்பட்டது. ஆனால் வினா அதுவன்று. "கூறியே தீரவேண்டும் என்பவர் எக்கொள்கையினர்?" என்பதே வினா. காண்ட் என்று குறித்தால் மதிப்பெண். மில் என்று குறித்தால் இல்லை. பாடம் முழுவதும் இவ்வாறே சென்றது. கொள்கைகளின் பெயரட்டைகளை உரிய குப்பிகளில் ஒட்டத் தெரிந்தவர் முதல் வகுப்பில் தேறலாம். அம்மருத்துவர் என்ன செய்திருத்தல் வேண்டும் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கவேண்டிய தேவை அவர்க்கில்லை. எழுத்துப்பணி ஒன்றும் இருந்தது. நாம் எழுதியனுப்பிய நான்கு பக்கக் கட்டுரைக்கு இரண்டு வரியில் குறிப்பு வந்தது: அமைப்பு நன்று, சான்று காட்டும் முறை சரி. கட்டுரையின் நடுவே ஒரு வாதத்தை வேண்டுமென்றே முரணாக முடித்திருந்தோம். அதனை எவரும் கேட்கவில்லை.

குறை இங்கேதான் உள்ளது. சில பாடங்களில் விடை சரியாயின் வழியும் பெரும்பாலும் சரியாயிருக்கும். வேறு சிலவற்றில் விடை சரியாகவும் காரணம் முற்றிலும் தவறாகவும் இருத்தல் கூடும். பின்னவற்றில் கற்றல் என்பது, "நீ கூறியது சரி, ஆனால் ஏன் அவ்வாறு கூறினாய்?" என்று ஒருவர் திருப்பிக் கேட்குமிடத்திலேயே தொடங்குகிறது. கிரெடிட்டின் பழைய அளவுகோல் நேரத்தை அளந்தது உண்மை. ஆனால் அந்த நேரத்தினுள் அக்கேள்வி கேட்கப்படுவதற்கு இடமிருந்தது. நேரத்தை நீக்கியவர்கள் அதனோடு அவ்விடத்தையும் நீக்கிவிட்டனர்.

அமெரிக்கச் சட்டமும் இச்சிக்கலில் இடறியதுண்டு. மாணவர்க்கு அரசு உதவிப்பணம் வழங்குகையில், ஆசிரியர் ஒழுங்காகவும் பொருளுள்ள வகையிலும் மாணவரோடு தொடர்புகொள்ளும் பாடம் தொலைநிலைக் கல்வி. அத்தொடர்பற்றது அஞ்சல்வழிக் கல்வி என்று அச்சட்டம் பிரித்துரைக்கிறது. பின்னதற்குக் கட்டுப்பாடுகள் மிகுதி. மேலை மாநில ஆளுநர்கள் கூடி 1997இல் நிறுவிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் தேர்ச்சியை மட்டுமே அளந்து, மாணவர் தம் வேகத்தில் முன்னேறுவதற்கு இடமளிக்கும் கல்விநிலையமாகும். அங்கு வழிகாட்டுவோர் வேறு, பாடத்தில் உதவுவோர் வேறு, மதிப்பிடுவோர் வேறு. 2017இல் மத்திய கல்வித்துறையின் தலைமைத் தணிக்கையாளர், இங்குள்ள பாடங்களுள் பெரும்பாலானவற்றில் சட்டம் வேண்டும் தொடர்பு இல்லையென்றும், 71 கோடி டாலருக்கு மேற்பட்ட உதவிப்பணத்தைத் திருப்பித் தரவேண்டுமென்றும் கூறினார். 2019 ஜனவரியில் கல்வித்துறை அதனை ஏற்க மறுத்து, பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை என்று முடிவு செய்தது. சட்டம் தெளிவாயில்லை, பல்கலைக்கழகம் நல்லெண்ணத்தோடு நடந்தது என்பன காட்டப்பட்ட காரணங்கள். வழக்கு முடிந்தது, வினா முடியவில்லை. எனினும் ஒன்று கூறுதல் வேண்டும். மேற்கூறிய பல்கலைக்கழகத்தில் மாணவரை அவ்வப்போது தொலைபேசியில் அழைத்து நலமும் படிப்பும் கேட்கும் வழிகாட்டியேனும் உண்டு. சந்தாப் பாடங்களில் நாம் கண்டது அதுவுமன்று.

தனித்துப் பயிலும் மாணவர் பாதியில் நின்றுவிடுதல் இம்முறையின் பழைய நோய். கெல்லரின் முறையைப் பின்பற்றியோரும் மாணவர் நாளை நாளையென்று ஒத்திப்போடுவதைக் கண்டு வருந்தினர். மாதச் சந்தாவில் இந்நோய்க்கு விலையும் சேர்கிறது. விரைவாய்ப் படிப்பவர்க்கு 99 டாலரில் மூன்று பாடம். மெதுவாய்ப் படிப்பவர்க்கு ஒரே பாடத்திற்கு அத்தொகை பலமுறை. ஓய்வுநேரம் குறைந்தவரே கூடுதலாகச் செலுத்துகிறார். ஏழைக்கு மலிவு என்று விளம்பரம் செய்யப்படும் ஓர் ஏற்பாட்டில் இது சிறிய குறையன்று.

இறையியல் கல்வியுலகில் இதனையொத்த முயற்சி ஒன்று முன்னரே நிகழ்ந்துள்ளதை நம் வாசகர் அறிவர். 1963இல் குவாத்தமாலா நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுவர இயலாத சபைத் தலைவர்களை நாடிச் சென்று விரிவாக்க இறையியல் கல்வியைத் தொடங்கியது. நம் நாட்டில் 1971 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு டாஃப்டீ நிறுவனம் இப்பணியைச் செய்துவருகிறது. அங்கும் பாடநூல் படிப்படியாய் அமைந்தது. மாணவர் வீட்டிலிருந்தே பயின்றார். ஆனால் குறித்த நாளில் அவ்வட்டாரத்து மாணவர் கூடினர். ஆசிரியரோ வழிநடத்துநரோ வந்தார். படித்ததைத் தம் ஊர் அனுபவத்தோடு வைத்து வாதிட்டனர். நூலைத் தனியே கற்கலாம், அதன் பொருளைக் கூடியே காணவேண்டும் என்பது அம்முறையை வகுத்தோர் கண்ட உண்மை. மழைநாளில் பேருந்து பிடித்து நான்கு பேருக்காகச் சென்ற ஆசிரியர்களின் உழைப்பு எக்கணக்கிலும் ஏறியதில்லை. ஆயினும் அதுவன்றி அக்கல்வி நடந்திராது.

இந்தியாவில் 2017இல் தொடங்கப்பெற்ற சுவயம் தளத்தின் பாடங்களுக்கும் கிரெடிட் உண்டு. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அவ்வழியே பயிலக் கல்லூரி இசைவு தரலாம். ஆனால் இவை முழுமையாகத் தன் வேகத்தன அல்ல. வாரந்தோறும் பாடம் வெளிவரும். பணிகளுக்குக் கெடு உண்டு. இறுதித் தேர்வை ஒரு மையத்திற்குச் சென்று எழுதவேண்டும். காலக்கட்டுப்பாடு இங்கு ஒரு துணையாகவே அமைகிறது. எனினும், கொள்குறி வினாவால் மட்டும் அளக்கும் பழக்கம் இங்கும் பரவுமாயின், மேலே நாம் அறவியல் பாடத்திற் கண்டதையே காண்போம்.

மாணவர் ஏற்கும் இடர் இன்னுமொன்றுண்டு. அமெரிக்கக் கல்வி மன்றத்தின் பரிந்துரை எக்கல்லூரியையும் கட்டுப்படுத்தாது என்று முன்னரே கூறினோம். பாடங்களை முடித்தபின், "எங்கள் துறையில் இது செல்லாது" என்னும் விடை வந்தால் இழப்பு முழுவதும் மாணவருடையது. ஆதலால் எக்கல்லூரியிற் சேரப்போகிறாரோ, அக்கல்லூரியின் எழுத்து மூலமான இசைவைப் பெறுமுன் எவரும் பணம் செலுத்தலாகாது என்பது நம் உறுதியான கருத்து.

கல்லூரிகளுக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். கணக்கு, புள்ளியியல், கணக்கியல் போன்ற பாடங்களைத் தன் வேகத்தில் பயின்று, கண்காணிப்புடன் நடக்கும் தேர்வில் தேறி வருவோரைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளலாம். அறவியல், வரலாறு, இலக்கியம், சமயம் ஆகியவற்றில் வெறும் சான்றிதழைக் கண்டு ஏற்கவும் வேண்டாம், வெறுப்பால் மறுக்கவும் வேண்டாம். மாணவரை அழைத்து அரைமணி நேர வாய்மொழித் தேர்வு நடத்தலாம். செலவு மிகும் என்பார்க்கு ஒரு கணக்குக் காட்டுவோம். மூன்று கிரெடிட் பாடமொன்றிற்கு ஓர் ஆசிரியர் ஒரு பருவத்தில் வகுப்பறையில் நிற்கும் நேரம் ஏறத்தாழ 45 மணி. அதே 45 மணியில், ஆளுக்கு அரைமணி வீதம் 90 மாணவரை அவர் எதிரே அமர்த்தி, "ஏன் அவ்வாறு கூறினாய்?" என்று கேட்டுவிடலாம்.