மேடை யாருடையது? – கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளர் அரங்கு பற்றிய ஒரு திறனாய்வு

சிறுபான்மை இனத்தவரையும் குடிபெயர்ந்து வந்தோரையும் சமுதாயத்தோடு இணைப்பதற்கு நாடகம் சிறந்ததொரு கருவி என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அரசு நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் திருச்சபைகளும் இதனை வழிமொழிகின்றன. கருத்து நல்லதே. ஆயினும் ‘இணைத்தல்’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குதல் வேண்டும். இணைப்பவர் யார், இணைக்கப்படுபவர் யார் என்னும் வேறுபாடு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. வீடு ஒருவருடையது, மற்றவர் விருந்தினர். விருந்தினர் எத்துணை அன்போடு உபசரிக்கப்பட்டாலும், அடுக்களையில் என்ன சமைப்பது என்பதை அவர் முடிவு செய்வதில்லை.

இவ்வினாவைக் கொள்கை அளவில் மட்டும் ஆராய்வதினும், வரலாற்றில் நடந்த ஒரு முயற்சியை எடுத்துக்கொண்டு அதன் நிறைகுறைகளை எடைபோடுவது பயன் தரும். ‘எல் தியாத்ரோ காம்பெசினோ’, அதாவது பண்ணைத் தொழிலாளர் அரங்கு, 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றியது. சமூக அரங்கைப் பற்றிப் பேசுவோர் பலரும் இதனை முன்னோடியாகக் குறிப்பிடுவர். அப்புகழ் தகுதியானதே, ஆனால் முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையின் முடிபு.

1. களமும் காலமும்

1848ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் மெக்சிகோவின் வடபகுதிகள் அமெரிக்காவின் வசமாயின. அங்கு வாழ்ந்தோர் தாம் இருந்த இடத்தை விட்டு அகலாமலேயே சிறுபான்மையினராயினர். பின்னர் 1942 முதல் 1964 வரை, இரு அரசுகளின் ஒப்பந்தத்தின் கீழ், மெக்சிகோவிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையினராய்ப் பண்ணைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். இவ்வாறு மண்ணின் மைந்தரான சிறுபான்மையினரும், புதிதாய் வந்த குடியேறிகளும் ஒரே திராட்சைத் தோட்டத்தில் அருகருகே குனிந்து வேலை செய்தனர். தொழிற்சங்க உரிமையை வழங்கிய 1935ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் பண்ணைத் தொழிலாளரை விலக்கி வைத்திருந்தது.

1965 செப்டம்பர் 8ஆம் நாள் டெலானோ வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. தொடங்கியவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர். எட்டு நாள் கழித்து, சேசர் சாவேஸின் தலைமையில் மெக்சிக வம்சாவளியினரின் சங்கமும் அதில் சேர்ந்துகொண்டது. அவ்வூரிலேயே பண்ணைத் தொழிலாளர் குடும்பமொன்றில் 1940இல் பிறந்து, கல்லூரிக் கல்வி பெற்று, சான் பிரான்சிஸ்கோவில் நாடகக் குழுவொன்றில் பயின்ற லூயிஸ் வால்டெஸ் என்னும் இளைஞர், அதே ஆண்டில் டெலானோவுக்குத் திரும்பினார்.

2. அரங்கின் அமைப்பு

அவரிடம் பணமில்லை, எழுதிய நாடகமில்லை, பயிற்சி பெற்ற நடிகருமில்லை. கூடியிருந்த தொழிலாளரின் கழுத்தில் அட்டைகளை மாட்டினார். ஒன்றில் ‘வேலைநிறுத்தக்காரன்’, மற்றொன்றில் ‘கருங்காலி’. நேற்று மறியலில் நடந்ததை நடித்துக் காட்டுங்கள் என்றார். சிரிப்பு எழுந்தது, நாடகம் பிறந்தது. ‘ஆக்டோ’ எனப்பட்ட இக்குறுநாடகங்கள் சரக்கு லாரியின் திறந்த தளத்தில் நடிக்கப்பட்டன. பார்ப்போர் பலர் எழுத்தறியாதவர். ஆதலின் அட்டை, முகமூடி, பாட்டு, உடலசைவு ஆகியவையே மொழியாயின. உரையாடலில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் மக்கள் பேசுமாறே கலந்து வந்தன. வெற்றிடத்தில் நின்று, வேடத்தாலும் பாட்டாலும் உலகையே படைத்துக் காட்டும் நம் தெருக்கூத்தை அறிந்தவர்க்கு இம்முறை விளங்குவது கடினமன்று. 1966ஆம் ஆண்டு டெலானோவிலிருந்து தலைநகர் சாக்ரமெண்டோவுக்குத் தொழிலாளர் நடைப்பயணம் சென்று உயிர்த்தெழுந்த ஞாயிறன்று அதனை நிறைவு செய்தபோது, தங்கிய ஊர்களில் இரவுதோறும் இந்நாடகங்கள் நடந்தன.

3. மூன்று நாடகங்கள்

‘முதலாளியின் இரு முகங்கள்’ (1965) என்பதில், பன்றி முகமூடி அணிந்த தோட்ட முதலாளி தன் தொழிலாளியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். கவலையற்ற வாழ்வு, இலவசக் குடிசை, லாரியில் இலவசப் பயணம்! அவ்வாழ்வைச் சுவைக்க விரும்பி முகமூடியையும் சுருட்டையும் தொழிலாளியிடம் தந்து இடம் மாறுகிறார். முகமூடி கழன்றபின் முதலாளியை அடையாளம் காண்பார் எவருமில்லை. அவருடைய மெய்க்காவலனே அவரை அடித்திழுக்கிறான்; சங்கத்தைக் கூவியழைப்பதன்றி அவருக்கு வேறு வழியில்லை. தொழிலாளியோ யாவற்றையும் வைத்துக்கொண்டு சுருட்டை மட்டும் மறுக்கிறான். அதிகாரம் பிறப்பில் இல்லை, அணிந்த முகத்தில் உள்ளது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லல் அரிது. முதலாளியின் பெயரைக் கேட்டே நடுங்கியவர்கள், அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்ததே அந்நாளில் ஒரு விடுதலையாயிற்று.

‘ஐந்தாம் பருவம்’ (1966) என்பதில் பருவங்கள் மனித உருக்கொண்டு வருகின்றன. கோடை உடலெல்லாம் பணத்தாளோடு வந்தாலும், கங்காணியும் முதலாளியும் பறித்துக்கொள்ள, குளிர்காலத்தில் தொழிலாளி வெறுங்கையோடு நிற்கிறான். பின்னர்ச் சங்கமும் திருச்சபைகளும் அவன்தன் இனத்தாரும் அவனுக்குத் துணைநிற்க, சமூக நீதியே ஐந்தாம் பருவமாக வருகிறது. இங்குத் திருச்சபை மேடையேறியது வெறும் அலங்காரமன்று. புராட்டஸ்டண்டு சபைகளின் ‘கலிபோர்னியப் புலம்பெயர் தொழிலாளர் ஊழியம்’ வேலைநிறுத்தத்தை ஆதரித்தது. அதனால் அப்பள்ளத்தாக்கின் சபைகள் பலவற்றின் சினத்துக்கும் ஆளாயிற்று.

மூன்றாவது, ‘விலைபோனவர்கள்’ (1967). நம் தலைப்புக்கு மிக நெருங்கியது இதுவே. பழைய கார் விற்பதுபோல் மெக்சிகர் பொம்மைகளை விற்கும் கடைக்கு, ஆளுநர் ரீகனின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் செயலர் வருகிறார். அவரும் மெக்சிக வம்சாவளியினரே. ஆனால் தம் பெயரை ஆங்கில ஒலிப்பிலேயே பிறர் சொல்ல வேண்டுமென்று வற்புறுத்துபவர். நிருவாகத்தில் காட்சிக்கு வைக்க ஒரு மெக்சிகர் அவருக்குத் தேவை. பண்ணைத் தொழிலாளி, தெரு இளைஞன், புரட்சி வீரன் என ஒவ்வொன்றையும் கடைக்காரர் காட்டுகிறார், எதுவும் பிடிக்கவில்லை. முடிவில் நாகரிகமாகப் பேசும் ‘மெக்சிக அமெரிக்கரை’ 15,000 டாலருக்கு வாங்குகிறார். வாங்கிய பொம்மையோ கலகக் குரல் எழுப்ப, அவர் ஓடிவிடுகிறார். அதன்பின்னரே உண்மை தெரிகிறது: பொம்மைகள் எல்லாரும் மனிதர், கடைக்காரர்தாம் பொம்மை.

ஓர் இனத்தாரை ‘இணைத்துக்கொண்டோம்’ எனக் காட்ட விரும்பும் நிறுவனங்கள் தமக்கு ஏற்ற ஒரு மாதிரி மனிதரையே தேடுகின்றன என்னும் இக்குற்றச்சாட்டுக்கு விடை கூறுவது எளிதன்று. இணைப்பதற்கான கருவியாக நாடகம் கையாளப்பட்ட அதே களத்தில், அவ்விணைப்பின் பொய்யை நாடகமே தோலுரித்தது.

4. குறைகள்

இவ்வளவு கூர்மையான பார்வை தன் விளிம்புகளைக் கண்டதா என்று கேட்பது திறனாய்வாளரின் கடமை. மூன்று குறைகள் புலப்படுகின்றன.

முதலாவது, வேலைநிறுத்தத்தைத் தொடங்கிய பிலிப்பைன்ஸ் தொழிலாளரின் நிலை. ஆக்டோக்களின் மொழியும் நகைச்சுவையும் பாட்டும் மெக்சிக மரபிலிருந்து வந்தவை. இலோகானோவும் தகாலோகும் பேசியவர்கள் போராட்டத்தில் பங்காளிகள். மேடையிலோ அவர்களுடைய குரல் மங்கிற்று. ஒரு சிறுபான்மைக்கு வீடாக அமைந்த அரங்கு மற்றொரு சிறுபான்மைக்கு விருந்தினர் அறையாகவே இருந்தது.

இரண்டாவது, பெண்கள். இவ்வரங்கைப் பற்றி 1994இல் ஆய்வு நூல் வெளியிட்ட யோலாந்தா பிராய்ல்ஸ்-கொன்சாலஸ், கூட்டாகப் படைக்கப்பட்டவை ஒருவர் பெயரால் வழங்கியதையும், பெண் கலைஞர் குறுகிய அச்சுகளில் வார்த்த பாத்திரங்களோடு போராடியதையும் எடுத்துக்காட்டியுள்ளார்.

மூன்றாவது குறையே ஆழமானது. ‘கருங்காலி’ என்ற அட்டை யார் கழுத்தில் தொங்கிற்று? வேலைநிறுத்தத்தை முறிக்கத் தோட்ட முதலாளிகள் கொண்டுவந்தவர்களுள் மெக்சிகோவிலிருந்து புதிதாய் வந்த ஏழைகளும் இருந்தனர். எல்லையைக் கடந்து வந்த மிக எளியவனே இந்நாடகத்தில் நகைப்புக்கு இலக்கானான். பின்னர், 1974இல், ஆவணமின்றி வந்த தொழிலாளருக்கு எதிராகச் சங்கமே ஓர் இயக்கம் நடத்தியது. அரங்கு 1967இலேயே சங்கத்தை விட்டுப் பிரிந்துவிட்டதாதலின் அப்பழியை அதன்மேல் சுமத்தலாகாது. ஆயினும் அட்டையை மாட்டுவது எத்துணை எளிது, அதன் கீழிருக்கும் மனிதனைக் கேட்பது எத்துணை அரிது என்பதை இது உணர்த்துகிறது.

இவ்விடத்தில் பிரேசில் நாட்டவரான அகஸ்தோ போவால் நினைவுக்கு வருகிறார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில், பல மொழி பேசிய எளியோரிடையே பணியாற்றியபோது, பார்வையாளரே மேடையேறிக் கதையின் போக்கை மாற்றும் முறையை அவர் கண்டார். ஆக்டோ விடையைக் கையில் வைத்திருக்கிறது: ‘சங்கத்தில் சேர்.’ போவாலின் அரங்கோ வினாவை மக்களிடம் விடுகிறது. பட்டினியோடு போராடும் வேளையில் விடை தேவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கருங்காலியும் தன் அட்டையைக் கழற்றிவிட்டு, ‘என் பிள்ளைகளுக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்?’ என்று கேட்க இடமளிக்கும் மேடையே முழு மேடையாகும்.

5. முடிபு

1970இல் திராட்சைத் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வால்டெஸின் ‘ஸூட் சூட்’ 1978இல் லாஸ் ஏஞ்சலிசில் பெருவெற்றி பெற்று, 1979இல் நியூயார்க்கின் பிராட்வேயை அடைந்தது; அங்குச் சில வாரங்களே நிலைத்தது. அரங்கத்தார் 1971 முதல் சான் வான் பவுதிஸ்தா என்னும் சிற்றூரில் நிலைகொண்டு, அங்குள்ள பழைய ஆலயத்திலேயே கிறிஸ்து பிறப்புக் கால நாடகங்களை நடத்தி வருகின்றனர். பிராட்வேயின் ஏற்பைக் கொண்டு இவ்வரங்கின் வெற்றியை அளப்பது, ‘விலைபோனவர்கள்’ நாடகத்தின் செயலரது அளவுகோலையே கையில் எடுப்பதாகும்.

எந்த அளவுகோல் தகும்? எருசலேம் சபையில் கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டபோது சபை செய்ததை அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் காண்கிறோம். பந்தி விசாரிப்புக்குத் தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்டவர்களின் மொழியினரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

ஆகவே, வடமாநிலத் தொழிலாளரையோ அகதி முகாம்களில் வாழ்வோரையோ நாடகத்தின் வாயிலாக அணுக விரும்பும் போதகரும் சபையாரும் ஒத்திகைக்கு முன் சில வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம். கதையைத் தெரிவு செய்தவர் யார்? எம்மொழியில் சிரிப்பு எழப்போகிறது? மேடையில் நம்மைக் குறை கூறும் உரிமை அவர்களுக்கு உண்டா? நாடகம் முடிந்தபின் சபைக் கமிட்டியில் அவர்களுக்கு ஓர் இருக்கை உண்டா? இறுதி வினாவுக்கு விடை ‘இல்லை’ என்றால், நாம் நடத்துவது விருந்தோம்பலாக இருக்கலாம். அதனை இணைத்தல் எனல் பொருந்தாது.