வட்டத்துக்கு வெளியே

குற்றாலத்துப் பேரருவி மலைமேலிருந்து விழும்போது ஆண் தண்ணீர், பெண் தண்ணீர் என்று பிரிந்து விழுவதில்லை. கீழே வந்த பிறகுதான் நாம் பிரித்துக்கொள்கிறோம். ஆண்கள் பக்கம் ஒரே ஆரவாரம். பெண்கள் பக்கம், நனைந்த புடவையை ஒரு கையாலும் குழந்தையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு அவசரக் குளியல். கவிதைக்கும் நாம் இதே ஏற்பாட்டைத்தான் செய்து வைத்திருக்கிறோமோ என்று எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம்.

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை (1882–1954) அறியாத வாசகர்கள் இருக்கமாட்டார்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், அவருடைய வீட்டுத் தொட்டிக்கட்டில் கூடிய நண்பர் குழுவுக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர். பிற்பாடு அவர் குற்றாலத்துக்குக் குடிபோனபோது வட்டமும் கூடவே போயிற்று. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். கரிசல் காட்டிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். சாரல், அருவி, அருமையான சாப்பாடு, அதற்குப் பிறகு கம்பன். இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த வட்டம் செய்த பெரிய காரியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். விவாதத்துக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் வார்த்தைகளைக் கவனியுங்கள். எதிராளியை மடக்கினார், வாயை அடைத்தார், மண்ணைக் கவ்வ வைத்தார் – எல்லாம் கோதாவிலிருந்து வந்தவை. பண்டிதர் சபை என்பது மீசை முறுக்கும் இடமாகவே இருந்தது. அந்தச் சபையில் டி. கே. சி. ஒரு புதுமையைச் செய்தார். பாட்டைக் கேட்டு ஆண்பிள்ளை ஒருவன் நாலு பேர் நடுவில் கண் கலங்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை என்று காட்டினார். தம் ஒரே மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அனுப்பிய இரங்கற்பாவை, அந்த வேதனையின் நடுவிலும் கவிதையாகவே அனுபவித்தவர் அவர். வீரம் என்றால் விறைப்பு என்று நினைத்திருந்த தலைமுறைக்கு இது பெரிய பாடம்.

ஆனால் விறைப்பு போனதே தவிர, அதிகாரம் போயிற்றா? அங்கேதான் எனக்குத் தயக்கம் வருகிறது.

பண்டிதரோடு வழக்காடலாம். ஏட்டைக் காட்டும், இலக்கணத்தைக் காட்டும் என்று கேட்கலாம். ரசிகரோடு எப்படி வழக்காடுவது? டி. கே. சி. கம்பராமாயணத்தில் ஏராளமான பாடல்களைக் கம்பன் வாக்கு அல்ல என்று தள்ளினார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். அவர் நம்பியது தம் செவியையும் இதயத்தையும். அந்தச் செவி நுட்பமான செவி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும், 'உனக்கு இது தட்டுப்படவில்லையே!' என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், பாவம், அவர் என்ன பதில் சொல்வார்? மடக்குவதைக் காட்டிலும் இது மிருதுவான காரியம்தான். ஆனால் மடக்கப்பட்டவன் மறுநாள் திரும்பி வந்து சண்டை போடலாம். ரசனை இல்லாதவன் என்று பெயர் வாங்கியவனுக்குத் திரும்பி வர வழியே கிடையாது.

கோதாவும் மறைந்துவிடவில்லை. 1943-ல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற கட்சி எழுந்தபோது, அண்ணாதுரை ஒரு பக்கமும் ரா. பி. சேதுப்பிள்ளை மறுபக்கமும் நின்று சென்னையில் வாதாடினார்கள். பிறகு சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் வாதாடினார். கம்பன் பெண்களை வர்ணித்த விதம் ஆபாசம் என்று 'கம்பரசம்' சொல்லிற்று. அது காவிய மரபு என்று கம்பன் அன்பர்கள் சொன்னார்கள். ஒரு கட்சி எரிக்கச் சொல்லிற்று, ஒரு கட்சி காக்கச் சொல்லிற்று, குற்றாலத்து வட்டம் உருகிற்று. மூன்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. வழக்கு பெண்ணைப் பற்றியது. வாதி ஆண், பிரதிவாதி ஆண், நீதிபதியும் ஆண்.

"அந்தக் காலம் அப்படி" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே காலத்தில்தான் வை. மு. கோதைநாயகி அம்மாள் நாவல்களை எழுதிக் குவித்துக்கொண்டு 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் நடத்தினார். அதே காலத்தில்தான் 'குமுதினி' சீதையையும் மற்ற ராஜகுமாரிகளையும் சாதாரணக் குடும்பப் பெண்களாக வைத்து எழுதிச் சிரிக்கவைத்தார். படிக்கத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. பாய் விரித்தபோது அவர்களுக்கு இடம் ஒதுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஊரைக் குறை சொல்லிவிட்டு என்னை மட்டும் விட்டுவிடுவது நியாயமல்ல. ஒரு சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நண்பர்கள் நாலு பேர் தங்கியிருந்தோம். என் மனைவியும் வந்திருந்தாள். இரவு பதினொரு மணிக்குச் சீதையின் அக்கினிப் பிரவேசத்தில் வந்து நின்றோம். இராமன் பேசும் கடுஞ்சொற்கள் கம்பனுடையவையா, இடைச்செருகலா என்று பெரிய ரகளை. மூன்றாவது தடவையாகக் காப்பி கொண்டுவந்தவள் தம்ளர்களை வைத்துவிட்டு, "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள்.

"கேளுங்க மதினி."

"யார் சொன்னான்னு ரெண்டு மணி நேரமாப் பேசுதீக. அதைக் கேட்டுக்கிட்டு நின்னவ ஒருத்தி இருந்தாள்லா? அவளைப் பத்தி எப்பப் பேசுவீக?"

ஒருவரும் பேசவில்லை. நண்பர் ஒருவர், "காப்பி பிரமாதம்" என்றார். சபையின் ரசனை அந்த அளவில் நின்றுவிட்டது. அவளும் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று நான் எழுந்து, "நீயும் உட்கார்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கம்பனுக்காகக் கண்ணீர் விடத் தெரிந்த எனக்கு, பாயில் ஒரு முழம் நகர்ந்துகொள்ளத் தெரியவில்லை. ரசிகமணியிடம் இதயத்தின் பாடத்தைக் கற்றுக்கொண்ட நாம், இனிக் கற்க வேண்டியது அந்த ஒரு முழம் நகர்கிற பாடத்தைத்தான்.