முதல் மூன்று அடி

ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை போட்ட கோல்களைப் பேசுகிறவர்கள் உண்டு. அவருடைய கோபத்தைப் பேசுகிறவர்கள் அதைவிட அதிகம். எனக்கு அவரிடம் பிடித்தது பந்து மட்டைக்கு வந்ததும் அவர் எடுத்துவைக்கும் முதல் மூன்று அடிதான். மல்லசமுத்திரம் பருத்தி ஏலத்தில் வியாபாரி ஒரு சிட்டிகைப் பஞ்சை விரலிடையில் இழுத்துப் பார்த்தே மூட்டையின் தரத்தைச் சொல்லிவிடுவார். தன்ராஜின் ஆட்டத்துக்கு அந்த மூன்று அடி போதும்.

எங்கள் பக்கம் கபடியும் வாலிபாலும்தான் பெரிது. ஹாக்கி எங்களுக்குத் தூர்தர்ஷன் வழியாக வந்தது. அந்தக் காலத்துத் திரையில் பாதி நேரம் பந்தே தெரியாது. ஆட்டக்காரரின் தோளையும் இடுப்பையும் பார்த்துத்தான் பந்து இருக்குமிடத்தை ஊகிப்போம். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டிக்காரர்கள் மைதானத்து ஓரத்தில் நின்று கற்ற ரசனையை நாங்கள் இப்படிச் சுற்றுவழியில் கற்றோம். தன்ராஜின் உடம்பைப் படிக்க அது நல்ல பயிற்சி.

ஹாக்கி மட்டைக்கு ஒரு முகம்தான் தட்டை. உருண்ட பின்பக்கத்தால் பந்தைத் தொட்டால் தப்பு. இடதுகைக்காரருக்கென்று தனி மட்டையும் கிடையாது. பந்து இடப்புறம் போனால் மணிக்கட்டைத் திருப்பி மட்டையைக் கவிழ்க்க வேண்டும். இந்தத் தொல்லையையே அழகாக்கியது நம் பழைய ஆட்டம்: பந்தை வலமும் இடமுமாகத் தட்டித் தட்டி எதிராளியைக் குழப்புவது. மேடுபள்ளமான புல்தரையில் பந்தை மட்டையோடு ஒட்டி வைத்திருப்பதே பத்திரம். அந்தத் தரைக்கு இந்த ஆட்டம் பொருந்தியது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. பந்து நேராக, வேகமாக ஓடியது. ஒருவர் தட்டிக்கொண்டு நிற்பதற்குள் தடுப்பவர்கள் மூவர் சூழ்ந்துவிடுவார்கள். சென்னைக்காரர் வி. பாஸ்கரன் தலைமையில் 1980 மாஸ்கோவில் கிடைத்த தங்கத்துக்குப் பிறகு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை நமக்குப் பதக்கமே இல்லை.

அந்த வறட்சிக் காலத்தின் நடுவில் ஆடியவர் தன்ராஜ். அவருக்கு மூத்த ஆட்டக்காரர் முகமது ஷாகித் ஆதர்சம். ஷாகித் எதிராளியை மணிக்கட்டால் ஏமாற்றினார்; தன்ராஜ் காலால். பந்து வரும்போது அவர் அரை வேகத்தில் இருப்பார், நின்றுவிடப் போகிறவர் போல. தடுப்பவர் ‘சரி, பிடித்துவிடலாம்’ என்று ஒரு காலில் பாரத்தைச் சாய்ப்பார். அந்த நொடியில் வலக்கால் முன்னே பந்தை ஒரு தள்ளு, பிறகு மூன்று அடி. நான்காவது அடி வைக்கும்போது எதிராளி பின்னால் இருப்பார். தலைமுடி பறக்க தன்ராஜ் ஓடுவதைப் படமெடுத்தவர்கள் அநேகம். ஆனால் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஆஃப்சைடு விதி 1998-இல் நிரந்தரமாக நீங்கியபோது தடுப்பாளர்கள் பின்வாங்க, நடுவில் இடம் பிறந்தது. ஓடுகிறவருக்கு அது வரம்.

இந்த ஓட்டம் பிறந்தது புனேயை ஒட்டிய கட்கியில். 1968-இல் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். அப்பா அங்கிருந்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரித்தவர். ஒடிந்த மட்டையைக் கயிறு சுற்றி ஒட்டவைத்து ஆடிய பிள்ளைகளில் ஒருவர் அவர். அண்ணன் ரமேஷ் வழியாக மும்பைக்கு வந்து மகிந்திரா அணியில் தேறி, பிறகு இந்தியன் ஏர்லைன்ஸுக்குப் போனார். 1989-இல் இந்திய அணி. மலேசியாவிலும், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலும், பிரான்சின் லியோனிலும், டாக்காவின் அபாகனி கிளப்பிலும் ஆடினார். மொழி புரியாத சக ஆட்டக்காரர்களோடு ஆடும்போது, பந்து எங்கே வேண்டும் என்பதை ஓடித்தான் சொல்ல முடியும். அவருடைய ஓட்டத்துக்குக் கூர்மை சேர்த்ததில் இந்த வெளிநாட்டு கிளப்புகளுக்குப் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

ஒலிம்பிக் நான்கு, உலகக் கோப்பை நான்கு, ஆசிய விளையாட்டு நான்கு, சாம்பியன்ஸ் டிராபி நான்கு. 1998 பாங்காக்கில் தென்கொரியாவை டைபிரேக்கரில் வீழ்த்தி, 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசியத் தங்கம் வாங்கிய அணிக்கு அவர்தான் தலைவர். தங்கம் வாங்கிவந்த கையோடு அவரும் வேறு சில மூத்தவர்களும் அணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஓய்வு என்றது நிர்வாகம். திரும்பி வந்து 2003-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4-2 என வென்று ஆசியக் கோப்பையை உயர்த்தினார். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசிவரை வரவில்லை. 2000 சிட்னியில் போலந்து கடைசி நிமிடங்களில் சமன்செய்ததில் அரையிறுதி கைநழுவியது.

பந்தைப் பகிர மாட்டார் என்பது அவர்மேல் இருந்த குறை. அதில் உண்மை உண்டு. நெருக்கமாக நின்ற ஐரோப்பியத் தடுப்புக்குள் தனியாக நுழைந்து பந்தை இழந்த தருணங்கள் குறைவில்லை. ஆனால் ஆட்டம் தேங்கும்போது பதினொரு பேரில் ஒருவராவது விதியை மீறாமல் ஒழுங்கைக் குலைக்க வேண்டும். அந்த வேலையை அவரிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் காத்திருந்தார்கள் என்றால், அது அவர் குறை மட்டுமல்ல.

2012-இல், 43 வயதில், உலக ஹாக்கித் தொடரில் கர்நாடக லயன்ஸ் அணிக்காக மறுபடி இறங்கினார். பழைய வேகத்தை அந்த வயதில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் பந்து வரும்போது நின்றுவிடப் போகிறவர் போல் காட்டும் அந்த மந்தம் அப்படியே இருந்தது; இருபது வயதுத் தடுப்பாளரும் அதற்கு ஏமாந்தார். ஓட்டப் பயிற்சி கொடுக்க இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எப்போது ஓடாமல் இருப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்க, தன்ராஜின் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டுவதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.