ஒரு சுற்றில் தொங்கும் தீர்ப்பு: ஹேக்லர்–லியோனார்ட் ஆட்டமும் மறுமதிப்பீட்டு வழக்கமும்

1987 ஏப்ரல் 6 அன்று லாஸ் வேகாஸ் நகரின் சீசர்ஸ் பேலஸ் விடுதியில் மார்வின் ஹேக்லரும் சுகர் ரே லியோனார்டும் மோதிய மிடில்வெயிட் உலகப் பட்டப் போட்டி பன்னிரண்டு சுற்றுகளும் நடந்து முடிந்து, புள்ளி நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பினால் லியோனார்டின் வெற்றியாக அறிவிக்கப்பட்டது. லூ ஃபிலிப்போ 115–113 என ஹேக்லருக்கும், டேவ் மொரெட்டி அதே கணக்கில் லியோனார்டுக்கும், ஜோஜோ கெர்ரா 118–110 என லியோனார்டுக்கும் புள்ளியிட்டிருந்தனர். அன்று தொடங்கிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. குத்துச்சண்டை ஆர்வலர்களும் வரலாற்றாசிரியர்களும் அந்த ஆட்டத்தின் பதிவை மீண்டும் ஓட்டிப் பார்த்து, சுற்றுக்குச் சுற்று தாமே புள்ளியிட்டு, நடுவர்களின் தீர்ப்பை உறுதிசெய்கின்றனர் அல்லது மறுக்கின்றனர். பழைய ஆட்டங்களை இவ்வாறு மறுமதிப்பீடு செய்யும் வழக்கம் எதை நிறுவ வல்லது, எதை நிறுவ இயலாதது என்பதை ஆராய்வதற்கு இந்த ஆட்டம் மிகப் பொருத்தமான சான்றாகும்.

புள்ளியிடும் முறையிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. பத்துப் புள்ளிக் கட்டாய முறை எனப்படும் இம்முறையில் ஒரு சுற்றை வென்றவருக்குப் பத்துப் புள்ளியும், தோற்றவருக்கு ஒன்பதோ அதற்குக் குறைவாகவோ வழங்கப்படும். வீழ்த்தப்பட்டவர் மேலும் ஒரு புள்ளியை இழப்பார். துல்லியமாக விழும் குத்துகள், பயன்தரும் முன்னேற்றத் தாக்குதல், களத்தைத் தன்வயப்படுத்தும் திறன், தற்காப்பு ஆகிய நான்கும் அளவுகோல்களாகக் கூறப்பட்டாலும், அவற்றுக்கு இடையே எதற்கு எவ்வளவு நிறை என்பதை விதி சொல்வதில்லை. மயிரிழையில் வெல்லப்பட்ட சுற்றும் முற்றிலும் ஒருவரே ஆண்ட சுற்றும் பெரும்பாலும் 10–9 என்ற ஒரே எண்ணாகச் சுருங்கிவிடுவது இம்முறையின் பிறவிக் குறை. மறுமதிப்பீடு செய்பவர் எத்தனை கவனமாகப் பார்த்தாலும் இந்தக் குறையையும் சேர்த்தே சுமக்கிறார்.

எவரும் வீழ்த்தப்படாத இந்த ஆட்டத்தில் 115–113 என்பது ஏழு சுற்றுக்கு ஐந்து சுற்று என்று பொருள்படும். 118–110 என்பது பத்துக்கு இரண்டு. கெர்ராவின் அட்டையே நெடுங்காலமாகக் கண்டனத்தின் மையமாக இருந்துவந்துள்ளது. ஹேக்லருக்கு இரண்டே சுற்றுகள் தந்த அந்த அட்டையை நியாயப்படுத்துவது கடினம் என்பதும் உண்மை. ஆனால் அதைத் திருத்தி 115–113 என லியோனார்டுக்கு எழுதினாலும் முடிவு மாறாது. மாறாக, மொரெட்டியின் அட்டையில் ஒரே ஒரு சுற்று இடம் மாறியிருந்தால் அது 114–114 ஆகி, மூன்று அட்டைகளும் மூன்று திசையில் சென்று, ஆட்டம் சமனாகி, பட்டம் ஹேக்லரிடமே தங்கியிருக்கும். ஆகவே அட்டையின் அபத்தமும் முடிவின் நியாயமும் இரு வேறு வழக்குகள். முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதையும் வென்றுவிட்டதாக எண்ணுவதே இவ்வாதத்தில் அடிக்கடி காணப்படும் பிழை.

ஆட்டத்தின் இயல்பே இத்தகைய வாதத்துக்கு வழிவகுத்தது. 1980 முதல் பட்டம் வைத்திருந்த ஹேக்லர் பன்னிரண்டு முறை அதைக் காத்தவர். லியோனார்டோ, 1982-இல் விழித்திரை விலகல் கண்டறியப்பட்ட பின், இடையில் 1984-இல் ஒரே ஒருமுறை மட்டும் களமிறங்கியவர். பதினைந்துக்குப் பதில் பன்னிரண்டு சுற்று, அகன்ற களம், பத்து அவுன்ஸ் கையுறை ஆகியவை லியோனார்ட் தரப்பு கேட்டுப் பெற்ற நிபந்தனைகள். விலகி ஓடியும் சுழன்றும் ஆடுபவருக்கு இவை மூன்றும் உதவின. சவுத்பா எனப்படும் இடக்கை நிலையில் ஆடுவதே இயல்பாகிய ஹேக்லர், தொடக்கச் சுற்றுகளில் வலக்கை நிலையில் நின்று தாமே அவற்றைக் கைவிட்டார் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஐந்தாம் சுற்றில் லியோனார்டைத் தடுமாறச் செய்தது முதல் ஹேக்லரின் கை ஓங்கியது. அதன் பின்னரும் லியோனார்ட் ஒவ்வொரு சுற்றின் கடைசி முப்பது வினாடியில், தம் உதவியாளர் குரல் கொடுத்து நினைவூட்ட, அடுக்கடுக்காகக் குத்துகளைப் பொழிந்து நடுவர்களின் கண்ணில் நின்றார். இரண்டரை நிமிட அழுத்தத்துக்கு மதிப்பா, அரை நிமிடப் பொழிவுக்கு மதிப்பா என்ற கேள்விக்குப் பதிவு பதில் தராது. பார்ப்பவரின் அளவுகோலே பதில் தருகிறது.

இங்குதான் மறுமதிப்பீட்டின் மெய்யான வலிமை வெளிப்படுகிறது. களத்தருகே அமர்ந்த நடுவர் ஒரு பக்கத்திலிருந்து ஒருமுறை மட்டுமே பார்க்கிறார். ஆட்டக்காரரின் முதுகு மறைத்தால் குத்து விழுந்ததா, தோளில் பட்டு வழுக்கியதா என்பது அவருக்குத் தெரியாது. அரங்கின் கூச்சலும் அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பதிவைப் பார்ப்பவரோ ஒலியை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, ஐயமுள்ள சுற்றை எத்தனை முறையும் திருப்பிப் பார்க்கலாம். லியோனார்டின் இறுதிப் பொழிவுகளில் பல ஹேக்லரின் கைகளிலேயே தடுக்கப்பட்டன என்பதும், ஹேக்லரின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி வெறும் காற்றைக் குத்தியது என்பதும் மெதுவோட்டத்தில்தான் தெளிவாகின்றன. இவ்விரு உண்மைகளும் எதிரெதிர்க் கட்சிகளுக்குச் சங்கடமானவை.

குறைகளும் அதே கருவியிலிருந்தே பிறக்கின்றன. ஒரு குத்தின் எடையைப் படம் காட்டாது. களத்தருகே கேட்கும் ஓசையும் அடி வாங்கியவரின் மூச்சும் திரையில் மெலிந்துவிடுகின்றன. முடிவை முன்னரே அறிந்து பார்ப்பவர், தமக்கு ஏற்கெனவே உள்ள மனக்குறைக்குச் சான்று தேடுபவராக எளிதில் மாறிவிடுகிறார். மெதுவோட்டமேகூட, உண்மையான வேகத்தில் ஆட்டத்தை நிர்ணயித்த தாளத்தைச் சிதைத்து, ஒவ்வொரு குத்தையும் தனித்தனிப் பொருளாக்கிவிடுகிறது.

எண்ணிக்கையில் தஞ்சம் புகுவதும் முழுத் தீர்வு அன்று. இந்த ஆட்டத்துக்குக் கம்ப்யூபாக்ஸ் நிறுவனம் தந்த கணக்கின்படி லியோனார்ட் 629 குத்துகள் வீசி 306-ஐப் பொருத்தினார். ஹேக்லர் 792 வீசி 291-ஐப் பொருத்தினார். லியோனார்ட் கண்துடைப்பாகவே ஆடினார் என்ற பரவலான கருத்தை இவ்வெண்கள் ஆட்டங்காணச் செய்கின்றன. ஆயினும் ஒவ்வொரு ஆட்டக்காரரையும் ஒருவர் கவனித்துப் பொத்தானை அழுத்திச் சேர்க்கும் கணக்காதலால், எது குத்து, எது உரசல் என்ற தீர்ப்பு அதற்குள்ளும் மனிதக் கண்ணின் தீர்ப்பாகவே ஒளிந்திருக்கிறது.

காலத்தின் அளவுகோலை மறப்பது மற்றொரு குறை. 1971-இல் ஜோ பக்னர் ஹென்றி கூப்பரை வென்ற ஆட்டத்தில், பிரித்தானிய வழக்கப்படி களநடுவரான ஹாரி கிப்ஸ் ஒருவரே தீர்ப்பளித்தார். கால் புள்ளி வேறுபாட்டில் முடிந்த அந்த ஆட்டத்தை இன்றைய மூவர் முறையால் அளப்பது அன்றைய விதியை மறுப்பதாகும். அதே கிப்ஸ்தான் ஹேக்லர்–லியோனார்ட் ஆட்டத்துக்கும் முதலில் தேர்வாகி, ஹேக்லர் தரப்பின் எதிர்ப்பால் விலக்கப்பட்டு, அவர் இடத்தில் மெக்சிகோவின் கெர்ரா அமர்ந்தார். தாம் ஹேக்லருக்கே வெற்றி தந்திருக்கக்கூடும் எனக் கிப்ஸ் பின்னர் தெரிவித்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. தம் தரப்பே கேட்டுப் பெற்ற நடுவரின் அட்டையே ஹேக்லருக்கு மிகக் கடுமையானதாக அமைந்தது கொடிய முரண்தான். ஆனால் அதைச் சதிக்குச் சான்றாக்க எந்த மறுமதிப்பீட்டாலும் இயலாது.

இவ்வழக்கம் தீர்ப்பைக் கண்டிக்கும் தகுதி பெறும் இடங்களும் உண்டு. 1993 செப்டம்பர் 10 அன்று சான் அந்தோனியோவில் பெர்னெல் விட்டேக்கரும் ஹூலியோ சேசர் சாவேஸும் மோதிய ஆட்டம் சமன் எனத் தீர்க்கப்பட்டது. இரு நடுவர்கள் 115–115 எனவும் ஒருவர் 115–113 என விட்டேக்கருக்கும் அளித்தனர். அதன் பதிவைப் பார்த்தவர்கள், முன்னேறித் தாக்குவதை விரும்புபவர்களானாலும் தற்காப்பை மதிப்பவர்களானாலும், பெரும்பாலும் விட்டேக்கரின் வெற்றியையே காண்கின்றனர். எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தாலும் ஒரே பக்கம் சாயும் ஆட்டத்தில்தான் மறுமதிப்பீடு பிழையைக் காட்டியது எனலாம்; அளவுகோலை மாற்றினால் வெற்றியாளரும் மாறும் ஆட்டத்தில் அது பார்ப்பவரின் விருப்பத்தை மட்டுமே வெளிப்படுத்துகிறது.

ஹேக்லர்–லியோனார்ட் ஆட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஃபிலிப்போவின் அட்டையும் மொரெட்டியின் அட்டையும் ஒருசேர ஏற்கத்தக்கவை. கெர்ராவின் அட்டை ஏற்கத்தக்கதன்று. ஹேக்லர் நூலிழையில் தோற்றார் என்பதோ, நூலிழையில் வென்றிருக்கலாம் என்பதோ நியாயமான வாதம். அவரிடமிருந்து பட்டம் திருடப்பட்டது என்பது நிறுவப்படாத குற்றச்சாட்டு.